காட்டுப் பூவரசு: கேட்டதும் சொன்னதும்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மலையுச்சிப் புல்வெளிகளில் சிவப்புக் கொத்தாகப் பூக்கிற ரோடோடென்ட்ரானைத்தான் காட்டுப் பூவரசு என்கிறோம். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், கைக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, பிப்ரவரியில் ஊட்டி போகிறோம். எங்கே பார்க்கலாம்? அதுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல மாதம்தான். தொட்டபெட்டா சாலையோரத்திலேயே கண்ணில் படும், அவலாஞ்சி பக்கம் போனால் இன்னும் நிறைய. பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள்: மேலே தோல் மாதிரி தடித்த கரும்பச்சை, அடியில் கம்பளி போல ரோமம் அப்பியிருக்கும். மணி மாதிரி இருக்கும் பூவுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கறுப்பாகச் சின்னக் குழிகள் தெரியும், தேன் ஊறுவது அங்கேதான். பறவைகள் தலையை உள்ளே விட்டுக் குடிப்பதைக் கொஞ்சம் பொறுமையாக நின்றால் பார்க்கலாம்.

சுற்றிலும் வெறும் புல்லாக இருக்க, இது மட்டும் எப்படித் தனியாக நிற்கிறது? மற்ற மரங்களுக்கு என்ன ஆயிற்று?

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். இந்த மலைகளில் சோலைக்காடு, அதாவது குட்டை மரங்கள் அடர்ந்த பசுமைமாறாக் காடு, பள்ளத்தாக்கு மடிப்புகளில் ஒதுங்கிக்கொள்ளும், மேடெல்லாம் புல். குளிர்காலத்தில் திறந்த புல்வெளியில் இரவு உறைபனி விழும், சோலை மரங்களின் கன்று அதில் கருகிவிடும், தப்பியதைக் கோடையில் புல்லில் பிடிக்கும் தீ பார்த்துக்கொள்ளும். காட்டுப் பூவரசுக்குப் பனியும் தாங்கும், பட்டையும் தக்கை போலத் தடிப்பாக வெடித்து வெடித்து இருப்பதால் லேசான புல் தீ உள்ளே இறங்காது. காற்றில் அடிபட்டு முறுக்கிக்கொண்டு, பல இடங்களில் புதர் உயரத்தோடு நின்றுவிடும், ஆனாலும் சாகாது.

அப்புறம் ஒன்று, இந்தப் புல்வெளியை "சும்மா கிடக்கிற இடம்" என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை மரமும் (வாட்டில் என்பார்களே, அது) யூகலிப்டஸும் நட்டார்கள். சீகை இன்று தானாகவே பரவிப் புல்லையே மூடிக்கொண்டு வருகிறது. மரம் நடுகிறேன் என்று இங்கே கிளம்பி வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இமயமலையில் இருப்பதும் இதுவும் ஒன்றா?

ஒரே இனம், உள்ளினம் வேறு. நேபாளத்தின் தேசியப் பூவும் உத்தராகண்டின் மாநில மரமும் இந்த இனம்தான். தென்னிந்தியாவில் காட்டில் வளரும் ரோடோடென்ட்ரான் இது ஒன்றே, இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியில் இன்னொரு உள்ளினம் உண்டு. இமயமலைக்கும் நம் மலைகளுக்கும் நடுவில் சுமார் 2,000 கிலோமீட்டருக்கு இது எங்கும் இல்லை. பனியுகத்தில் குளிர் தெற்கே இறங்கியபோது செடியும் கூடவே இறங்கியது, மறுபடி வெப்பம் ஏறியதும் மலையுச்சிகளில் மட்டும் மாட்டிக்கொண்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

சென்னையில் மொட்டை மாடியில் வளர்க்கலாமா?

வேண்டாம். வெயிலை விடுங்கள், போர் தண்ணீரின் சுண்ணாம்பே போதும் அதைக் கொல்ல. இதற்குப் புளிப்பு (அமில) மண் வேண்டும், மயிரிழை வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும் வேண்டும். காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்தால், அது சட்டப்படியும் தப்பு, பிழைக்கவும் பிழைக்காது.

உத்தராகண்டில் பூவை ஜூஸ் போட்டுக் குடிக்கிறார்களே, ஆனால் தேன் விஷம் என்றும் படித்தேன். எது உண்மை?

இரண்டும் உண்மைதான் தம்பி. அங்கே புராஞ்ச் என்று சிவப்புப் பூவைப் பிழிந்து சர்பத் போடுவார்கள், துவையலும் அரைப்பார்கள். ஆனால் ரோடோடென்ட்ரான் குடும்பத்தில் பல இனங்களின் இலையிலும் தேனிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வாந்தி, தலைச்சுற்றல் வரும், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இறங்கிவிடும். கி.மு. 400 வாக்கில் கருங்கடல் கரையோரம் கிரேக்கப் படைவீரர்கள் இப்படிப்பட்ட தேனைச் சாப்பிட்டுவிட்டு நிற்க முடியாமல் கூட்டமாக விழுந்தார்கள், மூன்று நான்கு நாளில் எழுந்தும்விட்டார்கள், கூடவே போன செனபோன் எழுதி வைத்திருக்கிறார். அது வேறு இனத்துத் தேன். அதற்காக நீலகிரியில் பூவைப் பறித்து வாயில் போட்டுச் சோதிக்க வேண்டாம். மாடு ஆடு வளர்ப்பவர்கள் தழையையும் கொடுக்காதீர்கள்.

ஊட்டி நர்சரியில் விற்கும் அசேலியா இதற்குச் சொந்தமா?

ஒரே பேரினம். தொட்டியில் வளர்க்க ஆசை என்றால், கோத்தகிரி, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த ஊரில் இருப்பவர்கள் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்டர்கிரீன் தைலச் செடியும் இந்தக் குடும்பம் என்கிறார்களே?

ஆமாம், அதுவும் நீலகிரியில் சோலை ஓரங்களில் தானாக வளரும் புதர்தான், சின்ன வெள்ளைப் பூ. இலையைக் கசக்கினால் வலி தைலம் வாசனை தூக்கும். ஆனால் கடையில் கிடைக்கிற பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த, அதே வாசனை தரும் மெத்தில் சாலிசிலேட், இலையிலிருந்து வடித்தது என்று சொன்னால் எங்கே வடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.