மிரட்டலை வீட்டில் வந்து சொல்லும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு குறித்து வந்த கடிதங்களில் நான்கினுக்கு இந்த இதழில் விடை அளிக்கப்படுகிறது. எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனிடம் இன்ஸ்டாகிராமில் பெண் பெயரில் பழகிய ஒருவர், வீடியோ அழைப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டுகிறார். யுபிஐ வழியாக ஒரு முறை பணம் அனுப்பிவிட்டான், மீண்டும் கேட்கிறார்கள். நேற்றிரவுதான் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். காவல் நிலையத்துக்குப் போனால் அவன் பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று என் கணவர் தயங்குகிறார். (ஒரு தாய்)

பதில்: உங்கள் கணவரின் தயக்கத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான். உங்கள் மகனுக்குப் பதினெட்டு வயது நிறையாத வரை பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவனுக்கும் பாதுகாப்பளிக்கிறது. அது பெண் பிள்ளைகளுக்கான சட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் சட்டத்தில் அப்படியொரு வேறுபாடு இல்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை அதன் 23ஆம் பிரிவு தடுக்கிறது. 24ஆம் பிரிவின்படி, காவல் அதிகாரி சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். இரவில் அவனைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மிரட்டிப் பணம் பறிப்பதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

இந்த மோசடி நடக்கும் விதத்தை உங்கள் கணவரும் தெரிந்துகொண்டால் மகன் மீதான கோபம் பாதி குறையும். ஒரு பெண்ணின் படத்தோடு கணக்கொன்றைத் தொடங்குபவர்கள், பையனின் நண்பர்கள் சிலரை முதலில் பின்தொடர்கிறார்கள். அதனால் நட்பு அழைப்பு வரும்போது "நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவள்தான்" என்று அவனுக்குத் தோன்றுகிறது. அவன் ஏற்றுக்கொண்டவுடனே அவனுடைய நண்பர் பட்டியல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுகிறார்கள். பேச்சு விரைவில் வாட்ஸாப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறுகிறது. வீடியோ அழைப்பில் தெரியும் பெண், பெரும்பாலும் முன்பே எடுத்து வைத்த காட்சிதான். அதன்பின் "ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பாவிட்டால் இந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும்" என்ற செய்தி வருகிறது. நெருக்கடியான அந்த நேரத்தில் அவன் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டான் என்ற கணக்கில்தான் மொத்த வேலையும் நடக்கிறது. உங்கள் மகன் சொல்லிவிட்டான், ஆகவே அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். கொடுப்பவனிடம் மேலும் கேட்பார்கள் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். மகனின் கணக்கை அழிக்கவும் வேண்டாம், உரையாடலை நீக்கவும் வேண்டாம். மிரட்டல் செய்திகள், மிரட்டுபவருடைய கணக்கின் பயனர் பெயர் (மேலே காட்டப்படும் பெயர் மட்டும் போதாது), தொலைபேசி எண், பணம் போன யுபிஐ முகவரி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். உடனே இணைய மோசடிக்கான 1930 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள். பணம் வங்கிகளுக்கிடையே கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அங்கே இருப்பதால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது நல்லதல்ல. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும், உங்கள் மாவட்டத்தின் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

படம் பரவிவிடுமோ என்ற அச்சத்துக்கும் வழியுண்டு. காணாமல் போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவையை 2023 முதல் நடத்துகிறது. பதினெட்டு வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படத்துக்கு, உங்கள் கருவியிலேயே ஓர் எண்முத்திரையை (அந்தப் படத்தை மட்டும் அடையாளம் காட்டும் எண்ணெழுத்துக் கோவை) உருவாக்கி அதை மட்டும் அனுப்புகிறது. படம் உங்கள் கையை விட்டுப் போவதில்லை. இதில் சேர்ந்துள்ள இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்த முத்திரைக்குப் பொருந்தும் படத்தைக் கண்டால் நீக்குகின்றன. குறியாக்கம் செய்யப்பட்ட வாட்ஸாப் உரையாடலுக்குள் இது எட்டாது. படத்தின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் முத்திரையையும் உருவாக்க முடியாது.

கடைசியாக ஒன்று. இந்த ஓரிரு நாட்கள் மகனைத் தனியே விடாதீர்கள். அவமானம் தாங்காமல் பிள்ளைகள் விபரீதமான முடிவுக்குப் போவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். அவன் பேச மறுத்தாலோ உறக்கமின்றித் தவித்தாலோ 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். கைபேசியைத் தண்டனையாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். சொன்னதற்குக் கிடைத்த கூலி இதுதான் என்று அவன் முடிவு செய்துவிட்டால், அடுத்த முறை உங்களிடம் வரமாட்டான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முகத்தை ஏஐ செயலி மூலம் ஆபாசப் படத்தில் பொருத்தி, உடன் படிக்கும் பையன்கள் வாட்ஸாப் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பையன்களின் வாழ்க்கையும் பாழாகிவிடும், நாமே பேசி முடித்துக்கொள்வோம்" என்கிறார் தலைமையாசிரியர். (ஓர் ஆசிரியை)

பதில்: பேசி முடிக்கும் உரிமை அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது 21ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மீது வழக்குத் தொடர முடியாது என்பதையும் அதே 19ஆம் பிரிவு உறுதி செய்கிறது. "அது போலிப் படம்தானே" என்ற வாதமும் நிற்காது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், கணினியில் உருவாக்கியதோ மாற்றியமைத்ததோ ஆன, குழந்தையைக் காட்டுவதுபோல் தோன்றும் படத்தையும் குழந்தை ஆபாசப் படத்தின் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. இத்தகைய படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததையும் தலைமையாசிரியருக்கு நினைவூட்டலாம்.

ஆசிரியர்கள் நல்லெண்ணத்தில் செய்துவிடக்கூடிய ஒரு பிழை உண்டு: "எந்தப் படம், எனக்கு அனுப்பு" என்று கேட்டு வாங்குவது. அனுப்புவது மேலும் ஒரு பரப்பல், வாங்கி வைத்திருப்பதோ உங்களுக்கே சிக்கல். குழுவின் பெயரையும், பகிர்ந்த எண்களையும், தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள்.

பையன்களைப் பற்றிய கவலை நியாயமானது. அவர்களும் சிறுவர்களே என்பதால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவர்களைச் சிறையிலோ காவல் நிலைய அறையிலோ அடைக்க முடியாது. இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்கும். ஆனால் அந்தக் கவலைக்கு முன்பாக அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கடிதத்தில் பள்ளியும் பையன்களும் வருகிறார்கள். அவள் இப்போது வகுப்புக்கு வருகிறாளா என்பது எங்குமே இல்லை.

கேள்வி: ஆஸ்திரேலியாவைப் போல இங்கேயும் பிள்ளைகள் சமூக ஊடகம் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டால் என்ன? (ஒரு தந்தை)

பதில்: ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை அது நிறுவனங்கள் மீதே சுமத்துகிறது, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. சுமையை உரிய தோளில் ஏற்றியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் வாட்ஸாப் அந்தப் பட்டியலில் இல்லை, மேலே முதல் கடிதத்தில் கண்ட மிரட்டலோ அங்குதான் தொடர்கிறது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு மகனுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர்கள் பல வீடுகளில் நாமேதான்.

கேள்வி: பத்து வயதுப் பேரன் கைபேசி விளையாட்டில் யாரோ ஓர் "அண்ணன்" தனக்கு டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவிடும் நாணயம்) வாங்கித் தருகிறார் என்கிறான். பயப்பட வேண்டுமா? (ஒரு தாத்தா)

பதில்: விசாரிக்க வேண்டும். முகம் தெரியாதவர் பணம் கொடுத்து வாங்கிய பரிசைக் குழந்தைக்குத் தருகிறார் என்றால், "உன் போட்டோ அனுப்பு", "வாட்ஸாப் நம்பர் கொடு", "வீட்டில் சொல்லாதே" என்ற மூன்றில் எதையாவது கேட்டாரா என்று சாதாரணப் பேச்சாகக் கேளுங்கள். கேட்டிருந்தால் உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1098ஐ அழையுங்கள். கேட்கவில்லை என்றாலும், குரல் உரையாடலை அமைப்புகளில் போய் நிறுத்திவிட்டு, தெரிந்த நண்பர்களோடு மட்டும் விளையாடும்படி மாற்றுங்கள். ஹெட்போன் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து விளையாடட்டும். அந்த "அண்ணன்" யார் என்று பேரனே உங்களுக்குத் திரையில் காட்டுவான்.