கோலாலம்பூரின் புக்கிட் கியாரா காட்டுப்பாதையில் மழை பெய்த மறுநாள் மரவேர்களில் சைக்கிள் வழுக்குகிறதே, எப்படி ஓட்டுவது?

டயரைக் குறை சொல்லாதீர்கள். மண்ணில் டயரின் பற்கள் பதியும். நனைந்த வேரில் பதிய இடமே இல்லை, சோப்புக்கட்டி மாதிரிதான். சாய்வாக ஏறினால் சக்கரம் வேரோடு சேர்ந்து ஓடிவிடும். அதனால் முடிந்தவரை வேருக்கு நேர்குறுக்காகப் போங்கள். பிரேக்கை வேருக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வேர்மேல் ஏறும்போது விட்டுவிடுங்கள். நான் அங்கே முன்பிரேக்கை அமுக்கித்தான் முழங்கைத் தோலை உரித்துக்கொண்டேன். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நில்லுங்கள். டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். ரொம்பக் குறைத்தால் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும்.

கோலாலம்பூரில் மாலை மழை வழக்கம்தானே; அந்த ஈரம் நிழலில் லேசில் காயாது. ஒரு காலத்தில் புக்கிட் கியாரா நம்மவர்கள் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டம். விடியற்காலையில் அந்த வழுக்கலில் வாளியோடு நடந்திருக்கிறார்கள்!