வன்னியின் காலநிலையில் ஒரு கிற்றார்: மரம், சிப்பி, அரக்கு பற்றிய கேள்வி பதில்

கையால் கிற்றார் செய்வது, அதில் சிப்பி பதிப்பது, மெருகிடுவது ஆகியவை பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து: ஐயா, எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காக ஐப்பசியில் தொடங்கி நத்தாருக்கு முன் ஒரு கிற்றாரைச் செய்து முடிக்கலாமா?

ஐப்பசியில் மரத்தைத் தெரிவு செய்யலாம், வரைபடம் வரையலாம். ஒட்டும் வேலையை மட்டும் தொடங்க வேண்டாம். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் விரியும், நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. மாரியில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்போது, விரிந்திருக்கும் மேற்பலகையின் உட்புறத்தில் குறுக்குச் சட்டங்களை ஒட்டிவிட்டால், பின்னர் கச்சான் வீசும் மாதங்களில் பலகை சுருங்க முயலும்; சட்டங்கள் அதைச் சுருங்க விடாது; பலகை இழையோடு வெடிக்கும். மேற்பலகைக்குப் பயன்படும் ஸ்புறூஸ் என்ற ஊசியிலை மரத்தின் 40 சென்ரிமீற்றர் அகலமான பலகை பருவத்துக்குப் பருவம் 2 மில்லிமீற்றர் வரை மாறக்கூடியது. ஆகவே வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில் ஒட்டி, மெருகையும் அப்போதே முடித்துவிடுங்கள். அடுத்த நத்தாருக்கு உங்கள் குழுவிடம் நிலைத்து நிற்கும் கிற்றார் ஒன்று இருக்கும்.

வட்டக்கச்சியிலிருந்து: செய்யும் கிற்றாரை ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பப் போகிறேன். குளிரூட்டிய அறை எனக்கு இல்லை. என்ன செய்யலாம்?

குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் மாதங்களில் உள்ளிருக்கும் காற்று மிகவும் வறண்டுவிடும் என்பதால், உங்கள் கேள்வி மாங்குளத்துக் கேள்வியிலும் கடினமானது. நல்ல பட்டறைகள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் ஒட்டுகின்றன. அதற்கு ஒரு மரப்பெட்டியும், சூடு தரும் பழைய வகை மின்குமிழும் போதும். 28 பாகை வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 36 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பலகைகளைச் சில நாட்கள் அதற்குள் வைத்து, வெளியே எடுத்தவுடன் ஒட்டி, பசை இறுகியதும் மீண்டும் உள்ளே வையுங்கள். மின்குமிழ் மரத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

ஈரப்பதமானியை வாங்கியபடியே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் ஆனையிறவு உப்பை எடுத்து, சேறுபோல ஆகும்வரை சில துளி நீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத பைக்குள் ஒரு நாள் மூடி வையுங்கள். அது 75 சதவீதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வேறுபாட்டை எழுதி ஒட்டிவிடுங்கள். அண்ணாவிடம் கிற்றாரை அதன் உறைப்பெட்டிக்குள்ளேயே, ஈரம் தரும் பஞ்சோடு வைத்திருக்கும்படி சொல்லுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: முழுக் கிற்றாரையும் முதிரையிலேயே செய்ய முடியுமா?

முதுகுக்கும் பக்கங்களுக்கும் முதிரை அருமையான மரம். அதன் பொன்னிற மினுக்கத்துக்கு ஈடு சொல்வது கடினம். மேற்பலகைக்கு அது ஆகாது. 3 மில்லிமீற்றருக்கு உட்பட்ட தடிப்பில் நரம்புகளின் இழுவையைத் தாங்கியபடியே எளிதாக அதிரவும் வேண்டிய பலகை அது. அதற்கு ஸ்புறூஸ் போன்ற இலேசான, நீளவாட்டில் விறைப்பான மரம் வேண்டும். முதிரை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரமானது. முதிரையின் இழை மாறி மாறி ஓடுவதால் சீவுளி பிய்க்கும். மிகக் கூரிய அலகால் மெல்லிதாகச் சீவ வேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும் என்பதால் கையை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மரம் வாங்கும்போது அனுமதிப்பத்திரம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய கதவு, கட்டில்களிலிருந்து எடுத்த முதிரையையே நான் விரும்புவேன். பல்லாண்டுகள் வெயிலும் மாரியும் கண்டு அடங்கிய மரம் அது. சண்டை நடந்த இடங்களில் நின்ற மரமாயின் செல் துண்டுகள் உள்ளே இருக்கக்கூடும். வாள் வைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்; கருநீலக் கறை தெரியும் இடத்தை நன்றாகச் சோதியுங்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு மாணவர்: பிறெட்டுகளின் (கழுத்தில் விரல் அழுத்தும் விரற்பலகையில் குறுக்காகப் பதிக்கும் உலோகக் கம்பிகளின்) இடத்தை எப்படிக் கணிப்பது?

நரம்பின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதலாவது பிறெட்டின் தூரம் வரும். 650 மில்லிமீற்றருக்கு அது 36.48. மிகுதி 613.52 ஐ மீண்டும் வகுத்தால் 34.43, இப்படியே தொடருங்கள். 12ஆவது பிறெட் சரியாக 325 இல் விழ வேண்டும். குறிக்கும்போது ஒவ்வொன்றையும் தலைப்பக்கத்திலிருந்தே அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து வளரமாட்டா.

மன்னாரிலிருந்து: கரையில் பொறுக்கிய சிப்பிகளால் விரற்பலகையில் தாமரை பதிக்க முடியுமா?

முடியும், தங்கையே. அரிப்புக் கடலின் முத்துச்சிப்பி நம் மண்ணின் புகழ்பெற்ற பொருள். ஆனால் அது சிறியது, வளைந்தது, மெல்லியது. ஆகவே ஒவ்வோர் இதழையும் தனித் துண்டாக வெட்டிச் சேருங்கள். வெயிலில் நெடுநாள் கிடந்து சுண்ணாம்பாய் வெளுத்த சிப்பியில் மினுக்கம் இராது.

துண்டுகளை 1.5 மில்லிமீற்றர் அளவுக்குத் தட்டையாக்கி, வரைந்த தாளை மேலே ஒட்டி, நகைவேலை வாளால் மெதுவாக அறுங்கள். பிறகு துண்டை விரற்பலகையில் வைத்து ஊசியால் சுற்றிக் கீறி, கீறலில் வெண்கட்டித் தூளைத் தேய்த்தால் கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு உள்ளேயே குடையுங்கள். பலகையின் மேற்பரப்பு வளைந்திருப்பதால், அகலமான துண்டின் ஓரங்கள் தேய்க்கும்போது மெலியும். இதழ்களைச் சிறிதாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சிப்பி மயிரிழை அளவு மேலே நிற்கும்படி, விரற்பலகையின் மரத்தூளைக் கலந்த எபொக்சியால் ஒட்டி, இறுகியதும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பிறெட்டுகளை அடிப்பது அதற்குப் பிறகுதான்.

ஒலித்துளையைச் சுற்றியும் பதிக்கலாம். மேற்பலகையில் நரம்புகளைப் பிடித்திருக்கும் பாலத்துக்குக் கீழே விரிந்திருக்கும் பகுதியில் மட்டும் எதையும் பதிக்காதீர்கள். கிற்றார் பேசுவது அங்கிருந்துதான். அழகுக்காக அதன் குரலை அடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

கிளிநொச்சியிலிருந்து: தளபாடக் கடையில் அடிக்கும் தடித்த பளபளப்பு மெருகு போதாதா?

கதவுக்குப் போதும். மேற்பலகையில் தடித்த பூச்சு பாரமாகி அதிர்வை மந்தமாக்கும். அரக்குச் செதில்களை, லீற்றருக்கு 200 கிராம் அளவில், ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்த ஒத்தடத்தால், ஒரு துளி ஒலிவ் எண்ணெயோடு வட்டமாகத் தேய்த்து ஏற்றும் முறையே எனக்குப் பிடித்தது. ஈரக் காற்றில் அரக்கு வெண்மூட்டமாகும் என்பதால் இதையும் வறண்ட நாளின் பகலில் செய்யுங்கள். வியர்வைக்கு அது சற்று இளகும்; ஆனால் கீறிய இடத்தை மட்டும் மீண்டும் தேய்த்துச் சீர்செய்யலாம்.

மன்னாரிலிருந்து மீண்டும்: சிப்பித் தூள் கெடுதலா?

ஆம், நுரையீரலை உறுத்தும். நீர் தெளித்தபடி அறுங்கள், நல்ல முகக்கவசம் அணியுங்கள், தூளை உலர விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.