ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி அமைச்சகத்தை விமர்சித்து எழுதலாமா?

கேள்வி: தரைப்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்று, குன்னூரில் வசிக்கிறேன். அக்னிபத் ஆள்சேர்ப்பு குறித்துப் பாதுகாப்பு அமைச்சகம் எடுத்த முடிவைக் கண்டித்து நாளிதழுக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அருகிலுள்ள வெலிங்டன் ராணுவ முகாமில் பணியிலிருக்கும் இளைய நண்பர் ஒருவர் சொன்ன விவரங்களும் அதில் உண்டு. ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பலர் அச்சுறுத்துகிறார்கள். கட்டுரையை அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், ஆனால் அந்த நண்பர் சொன்னவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

பத்திரிகைக்கு எழுதவும் அரசியல் பேசவும் முன் அனுமதி வேண்டும் என்று கூறும் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 21-ஆவது விதி, ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஓய்வு பெற்றதும் நீங்கள் அதிலிருந்து விடுபட்டீர்கள். பணிக்காலத்தில் செய்த குற்றத்துக்காக மட்டும் ஓய்வுக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள் விசாரணையைத் தொடங்க ராணுவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஓய்வூதியம் பெறும் அதிகாரிகளையும் ராணுவச் சட்டத்தின் கீழேயே வைத்திருக்கும் அமெரிக்காவிலிருந்து நம் நிலை இதில் வேறுபடுகிறது. ஓய்வூதியம் பற்றிய அச்சம், 2021-இல் திருத்தப்பட்ட குடிமைப்பணி ஓய்வூதிய விதியிலிருந்து பிறந்திருக்கலாம். அது தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலுள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் ஓய்வு பெற்றவர்களுக்கானது. தரைப்படை அந்த அட்டவணையில் இல்லை.

உங்களைத் தொடரக்கூடியது 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம். வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வில் பணியாற்றி ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் வி.கே. சிங், அந்த அமைப்பைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 2007-இல் இச்சட்டத்தின் கீழ் மத்தியப் புலனாய்வுத் துறையின் வழக்கைச் சந்தித்தார். ரகசியத்தைச் சொன்னவரோடு, அதை அறிந்தே பெற்றுக்கொண்டவரும் 5-ஆவது பிரிவின்படி குற்றவாளியாகலாம். கேன்டீன் வரிசையிலும் மாலை நடையிலும் பணியிலிருப்போரும் ஓய்வு பெற்றோரும் நாள்தோறும் கலந்து பேசும் நம் ஊரில் இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பெயரை மறைத்தாலும், அந்த விவரத்தை அறிந்தவர்கள் ஒரு சிலரே என்றால் நண்பரை அடையாளம் காண்பது எளிது. மேலே சொன்ன 21-ஆவது விதி, மறைமுகமாகச் செய்தி தந்தாலும் அவர்மீது பாயும். இதே வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான சாம் மானெக்‌ஷாவே தம் வெளிப்படையான பேச்சுக்காக ராணுவ விசாரணை நீதிமன்றத்தை எதிர்கொண்டு, குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

விமர்சனத்தின் தொனிக்கு ஜெனரல் திம்மையாவைப் பாருங்கள். தரைப்படைத் தளபதியாக இருந்தபோது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு மோதி 1959-இல் பதவி விலகல் கடிதம் கொடுத்து, நேருவின் வேண்டுகோளுக்கு இணங்கி அதைத் திரும்பப் பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற பின், 1962 ஜூலையில் ஓர் இதழில் எழுதியபோதோ, சீனாவைத் தனியாக வெளிப்படையான போரில் எதிர்கொள்ளும் வலிமை நம்மிடம் இல்லை என்ற தொழில்முறைக் கணிப்பை முன்வைத்தார். மூன்று மாதங்களில் போர் மூண்டது. உங்கள் கட்டுரையிலும் ஆள்சேர்ப்பு, பயிற்சிக்காலம், படைப்பிரிவின் பிணைப்பு ஆகியவற்றில் உங்கள் அனுபவம் பேசட்டும். அமைச்சரின் நோக்கத்தைப் பற்றிய ஊகங்களை விட்டுவிடுங்கள்.

பதவிப்பெயருடன் ‘ஓய்வு’ என்பதையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்; சீருடைப் படம் வேண்டாம். நாளிதழ் ஆசிரியரிடம், தலைப்பை மாற்றினால் அச்சிடுமுன் தெரிவிக்குமாறு எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.