அன்பான ஓர் அந்நியர் வந்து ஒரு சிறு ஊரையே மாற்றுகிற நாவல் எழுதுகிறேன். படித்தவர்கள் 'ரொம்பத் தித்திப்பு' என்கிறார்கள். நம்பும்படி எழுதுவது எப்படி?

'நல்லவரைப் பற்றி எழுதினாலே சிரிக்கிறார்கள்' என்று கேள்வியின் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். நீங்கள் பாதி நாவலை முடித்துவிட்டு, யாரோ நண்பர் சொன்னதைக் கேட்டு மனம் தளர்ந்து நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் நாவலை நான் படிக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கதைகளில் தித்திப்பு எங்கே ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். வந்தவர் அளவுக்கு மீறி நல்லவராக இருப்பதால் அது ஏறுவதில்லை. ஊர்க்காரர்கள் அந்த நல்லதை உடனே இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொள்கிறார்களே, அங்கேதான் ஏறுகிறது. அவர் உதவுகிறார், இவர்கள் கண் கலங்குகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் திருந்திவிடுகிறார்கள். உதவி வாங்கிய மனிதருக்கு நன்றி வரும், ஒத்துக்கொள்கிறேன். அதோடு கூச்சம் வரும், 'இவருக்கு நம்மிடம் என்ன வேண்டும்' என்ற சந்தேகம் வரும், சில சமயம் கோபம்கூட வரும். இவை எதுவும் இல்லாமல் நன்றியை மட்டும் எழுதினால் ஊர் முழுக்க பொம்மைகளாகிவிடும்.

எங்கள் வீட்டில் பார்த்ததால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், அதுவரை எங்களோடு சரியாகப் பேசியதுகூட இல்லை, கட்ட வேண்டிய மீதிப் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா அவரைத் தேடிப் போய்க் கும்பிட்டாள், அழுதாள். எல்லாம் சரி. அப்பா வீடு திரும்பியதும் கதை மாறிவிட்டது. அந்த மனிதர் எதிரே வருவது தெரிந்தால் அம்மா பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவாள். அவரைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சிறு பிள்ளை, எனக்கு அம்மா மேல் கோபம். ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவர் ஒண்ணுமே திருப்பிக் கேக்கலியேடா, அதான் முகத்தைப் பாக்க முடியல" என்றாள்.

அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஒரு மாலை கையில் சில பழைய சட்டைகளோடு வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றிலும் காலர் நைந்திருந்தது. அம்மாவிடம் தையல் மெஷின் இருந்தது. "காலரைத் திருப்பி வெச்சுத் தைக்கணும்மா, கொஞ்சம் அவசரம்" என்றார். அம்மா அன்று ராத்திரியே உட்கார்ந்து தைத்தாள். கூலி வேண்டாம் என்றாள். அவரும் வற்புறுத்தவில்லை. சரிம்மா என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பணம் கட்டியதைவிட, அன்று பணத்தை நீட்டாமல் போனாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்கப்புறம் அம்மா அவரைத் தெருவில் நிறுத்தி வைத்துப் பேசுவாள். இப்படி அடித்துத் துவைத்தால் எந்தக் காலர்தான் நிற்கும் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

ஆகவே உங்கள் அந்நியருக்கு ஒரு தேவை கொடுங்கள். ஊர் அவருக்கு ஏதாவது செய்ய இடம் இருக்கட்டும். ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' (1861) நாவலில் இது தலைகீழாக நடக்கும். ரேவலோ என்ற கிராமத்துக்குப் பிழைக்க வந்த நெசவாளி பதினைந்து ஆண்டுகள் யாரோடும் ஒட்டாமல் காசு சேர்க்கிறான். சேர்த்ததெல்லாம் திருடுபோன பிறகுதான் ஊர் அவன் வாசலுக்கு வருகிறது. அநாதைக் குழந்தை ஒன்று அவன் வீட்டுக்குள் வந்து சேர, அதை வளர்க்க ஊர்க்காரி டாலி கற்றுக்கொடுக்கிறாள். அங்கே கொடுப்பது ஊர், வாங்கிக்கொள்வது வந்தவன்.

விக்தர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' (1862) தெரிந்திருக்கும். சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று கொடுத்தார். அதில் பழைய கைதி வால்ஜான், மாதலேன் என்ற பெயரில் ஒரு சிறு நகரத்துக்கு வந்து சேரும் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். 1815 டிசம்பரில் வருகிறான். அன்று தீப்பிடித்த கட்டடத்தில் இறங்கி இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறான். அவர்கள் காவல் அதிகாரியின் பிள்ளைகள் என்பதால் அவனிடம் யாரும் அடையாளச் சீட்டு கேட்கவில்லை. கறுப்பு மணி செய்யும் தொழிலில் சின்ன மாற்றம் செய்து ஊரையே செழிக்க வைக்கிறான், மேயர் ஆகிறான். ஹ்யூகோ இதோடு நிறுத்தவில்லை. அவனுடைய தொழிற்சாலையில் ஒழுக்கம் பார்த்துத்தான் பெண்களுக்கு வேலை. அந்த விதியைக் காட்டித்தான் ஃபாந்தின் என்ற தொழிலாளியை மேற்பார்வைக்காரி வெளியே தள்ளுகிறாள். அது அவனுக்குத் தெரியவே தெரியாது. வண்டிக்கு அடியில் சிக்கிய கிழவனைத் தோள்கொடுத்துத் தூக்குகிறான். அந்தக் கிழவன் அவன்மேல் பொறாமையில் இருந்தவன். தூக்கியதைப் பார்த்துத்தான் போலீஸ் இன்ஸ்பெக்டர் ழாவேரின் சந்தேகம் வலுக்கிறது. ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் அவன் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் பழைய கைதி என்று தெரிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் அவன் செய்ததையெல்லாம் ஊர் மறந்துவிட்டது என்று எழுதுகிறார். இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது தித்திப்பு என்பார்களா?

தமிழிலேயே வேண்டுமென்றால் ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. கிருஷ்ணராஜபுரத்துக்கு ஹென்றி வந்து இறங்குகிறான். யாருக்கும் புத்தி சொல்வதில்லை, யாரையும் திருத்தக் கிளம்புவதில்லை. ஆனாலும் வளர்ப்புத் தந்தையின் வீட்டுக்கு உரிமைக்காரனாக வந்தவனை, அந்தத் தந்தையின் தம்பி துரைக்கண்ணு அண்ணன் மகனாகவே ஏற்றுக்கொள்கிறான். பேபி என்ற மனநிலை சரியில்லாத பெண்ணுக்கு ஹென்றி இடம் கொடுக்கிறான், அவளோ ஒருநாள் போய்விடுகிறாள். அன்பாக நடந்தும் ஒரு ஆளைத் தக்கவைக்க முடியாமல் போவதை ஜெயகாந்தன் எழுதத் தயங்கவில்லை.

என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் ஒரு சிறு ஊருக்கு வருவதாக நானும் நாவல் எழுதினேன். அம்மாவை வைத்துத்தான் எழுதினேன். ஒரு பதிப்பகத்தில் படித்துப் பார்த்த ஆசிரியர், "இவ்வளவு நல்லவனை யார் நம்புவார்கள்? பழைய வாழ்க்கையில் ஒரு கொலை வையுங்கள், கடைசியில் உடைக்கலாம்" என்றார். வால்ஜானுக்கும் பழைய வாழ்க்கை இருக்கிறதே என்று யாராவது கிளம்புவீர்கள். இருக்கிறது, ஆனால் வாசகர் அதை முதலிலேயே அறிவார். அவனைக் கீழே இறக்கிக் காட்டுவதற்காக அது ஒளித்து வைக்கப்படவில்லை. நான் மறுத்துவிட்டேன். பிரதியைத் திருப்பிக் கேட்டேன். கடிதம் போட்டேன், போன் செய்தேன், ஆள் வைத்தும் கேட்டேன். இன்றுவரை வரவில்லை. வருஷக்கணக்கில் ஒருவர் எழுதியதை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு 'வேண்டாம்' என்று ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறார்களே, இதை யாரும் கேட்பதில்லை. அனுப்புகிறவர் அறிமுகம் இல்லாதவர் என்றால் அவருக்கு மரியாதையும் கிடையாதா? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் நீங்களும் நாளை எங்காவது அனுப்பப் போகிறீர்கள், ஒரு நகல் கட்டாயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருண்ட நாவல்களே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். என் அலமாரியில் பாதி அவைதான். கொடுமையை எழுதத் தேவைப்படும் அதே கவனிப்பு நல்லதை எழுதவும் வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

கடைசி அத்தியாயத்தில் அவர் ஊரைவிட்டுப் போகிறார், எல்லோரும் வழியனுப்புகிறார்கள் என்று முடிக்கப்போவதாகக் கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அதோடு முடிக்காதீர்கள். மாதலேன் போன பிறகு அந்த நகரம் என்ன ஆனது என்று ஹ்யூகோ எழுதியிருக்கிறார்: தொழிலாளிகள் போட்டி போடுகிறார்கள், சரக்கில் கலப்படம் வருகிறது, வாடிக்கை போய்த் தொழில் படுத்துவிடுகிறது. உங்கள் ஊர் அப்படித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அவர் செய்துவந்த வேலைகளில் எதை யார் எடுத்துச் செய்கிறார்கள், எது அப்படியே நின்றுபோகிறது, அவரைப் பற்றி யார் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள் என்று மூன்று நான்கு அத்தியாயமாவது எழுதுங்கள். முடித்ததும் விருப்பமிருந்தால் எனக்கு அனுப்புங்கள். முழுக்கப் படித்துவிட்டு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பதில் எழுதுவேன்.