மனேஜர் வேலையை விட்டிட்டு லீடர்ஷிப் கோச் ஆகலாமோ எண்டு கேட்ட அண்ணைக்கு

அண்ணை, யாழ்ப்பாணத்தில வங்கிக் கிளை மனேஜரா இருக்கிறன், ரெண்டு நாள் கோர்சுக்குக் காசு கட்டினா எக்ஸிகியூட்டிவ் கோச் (கொம்பனிப் பொறுப்பில இருக்கிற ஆக்களைக் கேள்வி கேட்டு யோசிக்க வைக்கிறவர்) ஆகலாமாம், வேலையை விடவோ எண்டு கேட்டிருந்தியள். இப்ப விடாதேங்கோ. கனபேர் மதிக்கிற சான்றிதழ் ஐசிஎஃப் எண்ட சர்வதேச கோச்சிங் சம்மேளனத்தின்ர, அதின்ர முதல் படிச் சான்றிதழ் ஏசிசிக்கே 60 மணித்தியாலப் படிப்பு, பிறகு 100 மணித்தியாலம் ஆக்களுக்குக் கோச்சிங் செய்திருக்கவேணும், அதில 75 காசு வாங்கிச் செய்ததா இருக்கவேணும், மென்டர் கோச்சிங் (அனுபவமுள்ள கோச் ஒராள் உங்கட கோச்சிங்கைப் பாத்துத் திருத்துறது) 10 மணித்தியாலம் வேற. அடுத்த படி பிசிசிக்கு கோச்சிங் மட்டும் 500 மணித்தியாலம். ரெண்டு நாளில எங்க போறது?

அதை விடக் கஷ்டம் உங்கட பழக்கம். மனேஜருக்கு வாய் சும்மா இராது. "ஸ்டாஃப் என்ர சொல்லுக் கேக்கினமில்லை" எண்டு ஒராள் சொன்னா உடன கூட்டம் வை, வோர்னிங் லெட்டர் குடு எண்டிடுவியள். கோச் எண்டா "கடைசியா எப்ப கேக்கேல்லை, அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்" எண்டு கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும்.

மற்றது, காசு கட்டுறது கொம்பனி, மனம் விட்டுக் கதைக்கிறது அவையின்ர ஆள். என்ன சொன்னவர் எண்டு எச்ஆர் கட்டாயம் போன் எடுத்துக் கேக்கும், அதால எதைச் சொல்லுவன் எதைச் சொல்லமாட்டன் எண்டு முதலே நீங்கள், கொம்பனி, அந்த ஆள் எண்டு மூண்டு பேருமா இருந்து எழுதிக்கொள்ளுங்கோ. எங்கட ஊர் வேற சின்னன், கஸ்தூரியார் வீதியில வெளிக்கிட்ட கதை நல்லூருக்கு வர எவ்வளவு நேரம்?

இங்க கொம்பனியள் கூப்பிடுறது கூடுதலா ரெயினிங்குக்குத்தான். அதால வேலையில இருந்துகொண்டே, கொழும்பு, வெளிநாட்டு ஆக்களுக்கு சூம்ல சனி ஞாயிறில கோச்சிங் செய்து பாருங்கோ. கோர்ஸ்காரர் ஐசிஎஃப் அங்கீகாரம் எண்டு சொன்னா, ஐசிஎஃப் வெப்சைற்றில அவையின்ர பேர் இருக்கோ எண்டு தேடிப்பாத்திட்டுக் காசைக் கட்டுங்கோ.