டெயில்ஸில் சேமித்த மண்டிக் கணக்கு மறுநாள் காணவில்லை

கோப்பு தொலையவில்லை, பென்டிரைவில் எழுதப்படவே இல்லை. கிருஷ்ணகிரி பிரவுசிங் சென்டரில் டெயில்ஸ் (பென்டிரைவிலிருந்தே துவங்கும் இயங்குதளம்) போட்டு, மாங்காய் மண்டிக் கணக்கை டெஸ்க்டாப்பில் சேமித்தேன் என்கிறீர்கள். டெயில்ஸ் ஓடுவது கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில். அணைத்ததும் எல்லாம் போய்விடும்; அதற்காகவே செய்தது.

அணைத்தாலும் கோப்பு அழியாமல் பென்டிரைவில் தங்கும் பகுதிக்குப் பெர்சிஸ்டென்ட் ஸ்டோரேஜ் என்று பெயர். அதை நீங்கள் இன்னும் உருவாக்கவில்லை, அல்லது திறக்காமல் உள்ளே போயிருக்கிறீர்கள். தொடக்கத் திரையைப் பாருங்கள்: கடவுச்சொல் பெட்டி இருந்தால் அங்கேயே திறந்துவிட்டு நுழையுங்கள். இல்லையென்றால் உருவாக்க வேண்டும். பென்டிரைவ் குறைந்தது 8 ஜிபி, டிவிடியில் நடக்காது. அப்புறம் கணக்கை 'பெர்சிஸ்டென்ட்' ஃபோல்டருக்குள் மட்டும் போடுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டால் மறுபடியும் இதே கதைதான்.

அந்தப் பகுதி லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டப்படும். கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியே கிடையாது. (நான் அதைச் சீட்டில் எழுதி பென்டிரைவோடு ஒரே கவரில் வைத்திருந்தவன், சிரிக்காதீர்கள்.) இன்னொரு பென்டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது பென்டிரைவைப் பிடுங்காதீர்கள், கோப்பு கெடலாம். கடைக் கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவே ஒட்டுக்கேட்கும் கருவி செருகியிருந்தால் டெயில்ஸால் தடுக்க முடியாது. பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.